ஏழு பட்டை முடி

என் மனைவிக்குப் போன மழைக்காலத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் சீப்பில் வந்தது. பிறகு தலையணையில். பிறகு குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டது. அவள் பார்ப்பதற்கு முன் நான் குச்சியால் எடுத்துப் போட்டுவிடுவேன். எனக்குத் தெரியாமல் அவளும் எடுத்துப் போட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கழுத்துச் சுரப்பியில் கோளாறு, மாத்திரை சாப்பிட வேண்டும், முடி கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார்கள். முழுவதும் வருமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் தேயிலை மலையில்தான் வேலை. நான் கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு பக்கம் பிடிக்கிறேன். இன்னொரு பக்கம் நேப்பாளத்துப் பையன். அவள் களை எடுக்கிறாள். மலையில் எல்லாப் பெண்களும் தலையில் துணி கட்டி அதற்கு மேல் தொப்பி வைப்பார்கள். அதனால் அவள் தலை யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அவள் துணியை அவிழ்ப்பதில்லை. படுக்கும்போதும் கட்டியிருந்தாள்.

எங்களுக்கு ஒரே மகன். மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தோம். கல்யாணத்துக்கு முன்பு பூ வைக்கப் போக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுக்குப் போய், பெண்ணை உட்கார வைத்து, அவள் தலையில் தன் கையால் பூ வைக்க வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பெண் எங்களுடையவள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பூ வைக்கிறவள் தலையிலும் பூ இருக்க வேண்டும். பூ நிற்க முடி வேண்டும்.

நாள் குறித்த அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்.

“ஒங்க அக்கா பூ வைக்கட்டும். நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க.”

“நீ?”

“எனக்குக் குளுரு ஒத்துக்காது.”

ஈப்போவில் குளிர் கிடையாது. வேர்த்து ஊற்றும். எங்கள் மலையில்தான் குளிர்.

“அப்ப கல்யாணத்துக்கு?” என்றேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்று தண்ணீரில் களைகிற அரிசியை அன்று ஐந்து தண்ணீரில் களைந்தாள். மகன் கல்யாணத்துக்கும் இவள் வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

கல்யாண மண்டபம் பார்க்க ஈப்போவுக்குப் போனபோது ஒரு கடையைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் முடி தொங்கியது. பட்டை பட்டையாக, மேலே சின்னச் சின்னக் கிளிப்புகளோடு. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவள் சீப்பிலிருந்த முடியைப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

கடையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும்.

“யாருக்கு அங்கிள்?”

“வீட்ல.”

“மகளுக்கா?”

“மக இல்ல. மகனோட அம்மாவுக்கு.”

“ஆன்ட்டிக்குன்னு சொல்லுங்களேன் லா! அதுக்கு ஏன் இப்படிச் சுத்துறீங்க?”

பேப்பரைக் கொடுத்தேன். அவள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்த்தாள். கடை விளக்கில் நிறம் தெரியாது என்றாள்.

“இது கறுப்பு இல்ல அங்கிள். நுனியப் பாருங்க, செம்பட்டை. வெயில்ல வேலை செய்றவங்களா?”

“தேயில மல.”

“அதான். கருகருன்னு எடுத்தா ஒட்ட வச்ச மாதிரி தெரியும். நுனி என்ன கலரோ அதப் பாத்துத்தான் எடுக்கணும்.”

முப்பத்திரண்டு வருடமாக அவள் முடி கறுப்பு என்று நினைத்திருந்தேன்.

நான் இடுப்பு வரை நீளம் கேட்டேன். கல்யாணம் ஆனபோது அவளுக்கு அவ்வளவு இருந்தது. இப்போது எதுவரை இருக்கிறது என்று கடைப்பெண் கேட்டாள். தோள் வரை என்றேன். அதற்குக் கீழே ஒரு சாண் போதும், அதற்கு மேல் போனால் மேலே ஒரு ஆள் கீழே ஒரு ஆள் மாதிரி இருக்கும் என்றாள். அடர்த்தியும் வேண்டாம் என்றாள். முடி கொட்டுகிற தலையில் கனமான பட்டையை மாட்டினால் கிளிப்பு இழுத்து இருக்கிற முடியும் போய்விடுமாம். நாலைந்து மணி நேரம்தான் வைக்கலாம், படுக்கும்போது கழற்றிவிட வேண்டும், இஸ்திரி போடக் கூடாது, சூடு ஆகாது என்றாள். முடிக்கென்று ஒரு இஸ்திரி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் வீட்டில் அது இல்லை. அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வகை இருந்தது. ஒன்று நைலான். இன்னொன்று உண்மையான முடி. இந்தியாவில் கோயிலில் வேண்டுதலுக்கு மொட்டை போடுகிறார்களே, அந்த முடி. தொட்டுப் பார்த்தேன். வித்தியாசம் தெரிந்தது. வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். எதற்கு வந்தேன் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். இரண்டு வகையையும் சொன்னேன்.

“கோயில் முடியா? சாமிக்குக் குடுத்தத நான் தலையில வைக்கவா? அது வேணாம்.”

அது வேண்டாம் என்றாள். எதுவுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நைலானை வாங்கினேன். ஏழு பட்டை. ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

அவளுக்குத் தோள்பட்டை தூக்க வராது. முன்பு கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டிய காலத்தில் வந்த வலி. பின்மண்டையைத் தானே பார்க்கவும் முடியாது. அதனால் நான்தான் மாட்ட வேண்டும். சமையல்கட்டில் பின்கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். துணியை அவிழ்க்க நேரம் எடுத்துக்கொண்டாள். நான் அவசரப்படுத்தவில்லை. உச்சியில் தோல் தெரிந்தது. காதுக்கு மேலே கொஞ்சம் நன்றாக இருந்தது.

பிடரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சீப்பு வாலால் குறுக்கே வகிடு எடுத்து, மேல் முடியைத் தூக்கி முடிந்து வைக்க வேண்டும். வகிட்டில் அடிமுடியைக் கொஞ்சம் திருப்பிச் சீவினால் சொரசொரப்பாகும், கிளிப்பு வழுக்காது. ஒரு பட்டையை மாட்டி, மேலே இரண்டு விரல் விட்டு அடுத்த வகிடு. இப்படியே ஏறி உச்சிக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். மேல் முடி கீழே விழுந்து எல்லாவற்றையும் மூட வேண்டும். மலையிலும் நாங்கள் கீழ் வரிசையிலிருந்துதான் வெட்டிக்கொண்டு ஏறுவோம். அதனால் முறை எனக்குப் பிடிபட்டது. கைதான் பிடிபடவில்லை.

“மெதுவா லா. தேயிலச் செடியா இது?”

“வலிக்குதா?”

“இருக்கறதே நாலு முடி. அதையும் புடுங்கிட்டுத்தான் விடுவீங்க போல.”

நாலாவது பட்டை மாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டுப் பின்கதவு வழியாக வந்துவிட்டாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். அவள் குரல் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு வரை கேட்கும்.

“அண்ணே! கடை தொறந்துட்டீங்களா? எனக்கும் ஒரு ஜடை போட்டு விடுங்க!”

பிறகுதான் என் மனைவியின் தலையைப் பார்த்தாள். வாய் நின்றது. என் மனைவி துணியைத் தேடினாள். அது என் காலடியில் கிடந்தது.

“சவுரியா அக்கா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குரல் இறங்கியிருந்தது. “எங்கம்மாவும் வச்சிருந்துச்சு. ஆணியில மாட்டியிருந்தத நான் எலின்னு நெனச்சு வெளக்கமாத்தால போட்டு அடிச்சேன். அதுக்கப்புறம் எங்கம்மா என்னை அடிச்சுச்சு பாருங்க!”

என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். “அண்ணே, கிளிப்பு கோணலா இருக்கு. தள்ளுங்க.” அன்று அவள் காட்டியபடிதான் பிறகு நான் செய்தேன். அவள் இதை லயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதி தப்பு.

இரண்டு வெள்ளிக்கிழமை என் மனைவி முடியை மாட்டிக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போனாள். துணி கட்டவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஈப்போவுக்கு வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் பூவை எங்கே வாங்குவது என்று கேட்டாள்.

மூன்றாவது வாரம் முடியில் கற்பூரப் புகையும் தாளிப்பும் சேர்ந்து வாடை வந்தது. ஷாம்பு போட்ட தண்ணீரில் கசக்காமல் அலசி, கோட்டு மாட்டுகிற கம்பியில் கிளிப்பால் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் மூடுபனி விலகவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். துவைத்த காலுறை காய ஒரு வாரம் ஆகும். முடி காயவில்லை. பூஞ்சை பிடித்துவிடும் என்று எனக்குப் பயம். பூ வைக்கும் நாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்தால் காயவைப்பது என் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். சட்டியில் கங்கு எடுத்து, சாம்பிராணி தூவி, பழைய கொழுந்துக் கூடையை மேலே கவிழ்ப்பேன். அவள் பக்கத்தில் படுத்து முடியைக் கூடைமேல் விரித்துப் போடுவாள். புகையில் முடி காயும், மணக்கும். இந்தக் குளிரில் வேறு வழியில்லை.

அன்று அவள் மலையில் இருந்தாள். மெஷின் பழுதாகி நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கங்கு எடுத்தேன். சாம்பிராணி தூவினேன். கூடையைக் கவிழ்த்து ஏழு பட்டையையும் மேலே விரித்தேன். அவள் வரும்போது காய்ந்து மணமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். விறகு எடுக்க வெளியே போனேன்.

மழைக்கோட்டு எரிகிற நாற்றம் வந்தது. ஓடி வந்தேன். முடி சுருண்டு, நுனியெல்லாம் மிளகு மிளகாக உருண்டு நின்றது. இரண்டு பட்டை கூடையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் நூல் நூலாக வந்தது. கையையும் சுட்டுக்கொண்டேன்.

அவள் வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“என் முடிக்குப் போடுற மாதிரியே போட்டீங்களா?”

“ஆமா.”

“சரி.”

கூடையை எடுத்து வெளியே வைத்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள்: “ஒங்க அக்காவுக்குப் போன் போடுங்க. அவங்களே பூ வைக்கட்டும்.”

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பனிக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து, அக்கா போன் எடுக்கவில்லை என்றேன். நான் போடவே இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். கூடையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

“அக்கா, நல்ல முடி வாங்கிட வேண்டியதுதானே. கோயில் முடிக்கு என்ன கொறச்சல்?”

“கொறச்சல் இல்ல. சாமிக்கு வேண்டிக்கிட்டுக் குடுத்தது அது. அத எடுத்து நான் அலங்காரம் பண்ணவா?”

“ஒங்க பையன் சின்னப் புள்ளையில காய்ச்சல்ல கெடந்தப்ப நீங்க மொட்ட போட்டீங்கல்ல?”

“போட்டேன்.”

“அந்த முடி எங்க போச்சு?”

“எனக்கென்ன தெரியும்?”

“எவளாவது வச்சிருந்தா?”

என் மனைவி யோசித்தாள். “வச்சிருந்தா வச்சிக்கிட்டுப் போறா. எனக்குப் புள்ள பொழச்சான். முடி எனக்கு எதுக்கு?”

“அதத்தான் அக்கா நானும் சொல்றேன்.”

பக்கத்து வீட்டுக்காரி எங்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். அன்று முழுவதும் என் மனைவி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. சாயங்காலம் என்னைப் பார்க்காமல், “ஆபீஸ்ல கிராணிகிட்ட நாளைக்கு ரெண்டு பேருக்கும் லீவு சொல்லிருங்க,” என்றாள்.

இந்தத் தடவை அவளே தேர்ந்தெடுத்தாள். நான் கடையில் ஓரமாக நின்றேன். துணியை அவிழ்த்துக் கடைப்பெண்ணிடம் தலையைக் காட்டினாள். கடைப்பெண் மெதுவாகத் தொட்டுப் பார்த்து, எங்கே கிளிப்பு போடலாம், எங்கே போடவே கூடாது என்று சொன்னாள். என் மனைவி ஒவ்வொரு பட்டையாக வாசலுக்குக் கொண்டுபோய்த் தன் முடியோடு சேர்த்துப் பார்த்தாள். அவள் எடுத்த கோயில் முடி நான் வாங்கியதைவிடக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் செம்பட்டை. அதில் இரண்டு மூன்று நரையும் இருந்தது.

“இது எந்த ஊருப் பொண்ணோட முடிம்மா?”

“தெரியாது ஆன்ட்டி. அதெல்லாம் எழுதி வராது.”

“நரை இருக்கு. சின்னப் பொண்ணு இல்ல.”

“நரை வேணாம்னா வேற எடுத்துத் தரேன்.”

“இல்ல. இதுவே இருக்கட்டும்.”

வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்தாள். விளக்கு ஏற்றினாள். “எந்தத் தாயி குடுத்ததோ, அவ வேண்டுனது நடந்திருக்கட்டும்,” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

பூ வைக்கும் நாள் காலையில் ஆறு மணிக்கு ஏழு பட்டையும் மாட்டினேன். பின்னி, கொண்டையாகச் சுற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி கொண்டை ஊசி குத்தி, பூச்சரத்தை வைத்தாள். வேன் வந்தது. என் அக்கா குடும்பம் வழியில் கோலா தெர்லாவில் ஏறியது. எல்லாரும் சேர்ந்து பதினொரு பேர். மலைப்பாதை முழுவதும் என் மனைவி தலையைச் சாய்க்கவே இல்லை. வளைவுகளில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். முன்னால் காய்கறி லோரி ஒன்று மெதுவாக இறங்கியது. அதை முந்தச் சொல்லி டிரைவரிடம் யாரோ கத்தினார்கள். “வேணாம் லா, மெதுவாப் போங்க,” என்றாள்.

பெண் வீட்டில் கூட்டம். ஹாலில் பெண்கள் தரையில், ஆண்கள் சுவரோரம் நாற்காலியில். மகன் நேராக அங்கே வந்திருந்தான். பெண்ணை மனையில் உட்கார வைத்தார்கள். என் மனைவி தட்டிலிருந்து பூவை எடுத்தாள். அவள் கை அவ்வளவு உயரம் தூக்க வராது. அந்தப் பெண் அதைக் கவனித்துத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். என் மனைவி பூ வைத்தாள். குங்குமம் வைத்தாள். நான் அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். பெண்ணின் அம்மா என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மாதிரி. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

“இந்த வயசுல எவ்ளோ முடி சம்பந்தி ஒங்களுக்கு! என்ன எண்ண தேய்க்கிறீங்க? மலையில ஏதும் மூலிகை கெடைக்குதா?”

ஹாலில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது எண்ணெய் பெயரைச் சொல்லிவிடு என்று மனதுக்குள் சொன்னேன். இவளுக்குப் பொய் வராது என்பதும் எனக்குத் தெரியும். எழுந்து வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

“வாங்குனது சம்பந்தி,” என்றாள். “இங்கதான், ஈப்போலதான். என் முடி கொட்டிருச்சு. ஒடம்பு சரியில்லாம இருந்தேன்.”

மின்விசிறிச் சத்தம் மட்டும். மகன் என்னைப் பார்த்தான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பெண்ணின் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து மெதுவாகக் கேட்டார். ஆனால் சத்தமில்லாத ஹாலில் எல்லாருக்கும் கேட்டது.

“எந்தக் கடை?”

ஒரு கிழவி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். பெண்ணின் அம்மா தன் கொண்டையைத் தட்டி, “இதுல பாதி ஸ்பாஞ்சு சம்பந்தி,” என்றார். அதற்குப் பிறகு அந்த மூலையில் ஒரு மணி நேரம் முடிப் பேச்சுதான். எந்தக் கிளிப்பு இழுக்காது, எத்தனை தடவை வைத்த பிறகு அலசலாம், எதில் சுற்றி வைத்தால் சிக்கு விழாது என்று. என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். சாம்பிராணி கதையையும் சொல்லியிருப்பாள் போல. எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பலகாரத்தைத் தின்றேன்.

திரும்பும்போது மலை ஏறத் தொடங்கியதும் அவள் சொன்னாள்: “கழட்டுங்க. தல வலிக்குது.”

“இங்கயா?”

“பின்ன எங்க?”

வேனில் எல்லாரும் இருந்தார்கள். என் அக்கா பின் சீட்டில். என் மனைவி பூவை எடுத்து மடியில் வைத்தாள். நான் கொண்டையை அவிழ்த்து ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்தேன். ஏழும் கையில் வந்தது. அவள் விரலால் தலையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். துணியைக் கேட்கவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள். தண்ணீர் போத்தலை நீட்டினாள்.

அப்போது மகனிடமிருந்து போன் வந்தது. என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல.”

“எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டியே.”

“அவங்க கேட்டாங்க. சொன்னேன். ஒனக்கு வெக்கமா இருக்கா?”

“இல்லம்மா. அப்படி இல்ல.”

“அப்ப சரி. இங்க பாரு, அடுத்த மாசம் சீலை எடுக்கப் போறப்ப எனக்கும் சேத்து எடுக்கணும். தாலி கட்டுறப்ப கட்ட ஒண்ணு, சாயங்காலம் விருந்துக்கு ஒண்ணு. நீயா எடுத்து வச்சிராத. நான் வந்து பாத்துத்தான் எடுப்பேன்.”

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் பட்டைகளை மடியில் நீளமாகப் போட்டு ஊசிகளைத் தேடி எடுத்தேன்.